சொந்த ஜீப்பைச் சொந்தக் கையால் மெருகூட்டல்: யாழ்ப்பாணத்து வெயிலுக்கும் கிணற்று நீருக்கும் ஏற்ற முறைகள்

யாழ்ப்பாணத்தில் எக்ஸ்-ட்ரெயிலாயினும், வெசெலாயினும், கதவோரம் துருவேறிய பழைய மொன்டேரோவாயினும் வீட்டுக்காரர் அதனை ஜீப் என்றே சொல்வார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் நம்மிற் பலர் இருந்த வாகனத்தையே பேணி வைத்திருக்கப் பழகிக்கொண்டோம். வழி திறந்த பின்னரும் வரித் தொகையைக் கேட்டுவிட்டுப் பழையதன் பக்கமே திரும்பி வந்தவர்கள் உளர். என்னுடையது 2015 இல் தயாரிக்கப்பட்ட கறுப்பு நிற எக்ஸ்-ட்ரெயில். அதன் தோற்றத்தை வீட்டு முற்றத்தில் வைத்து நானே மாற்றியும், திருத்தியும், ஓரிரு இடங்களில் கெடுத்தும் கற்றுக்கொண்டவற்றை இங்கு எழுதுகின்றேன்.

வேலையைத் தொடங்குமுன் ஒவ்வொரு மாற்றத்தையும் பற்றி ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது நல்லது: பிடிக்காமற் போனால் இதனைப் பழையபடி ஆக்க முடியுமா? உரித்தெடுக்கக்கூடிய ஸ்டிக்கரையும், கழற்றக்கூடிய உறையையும், கழுவினால் போய்விடும் பூச்சையும் எவரும் துணிந்து முயன்று பார்க்கலாம். தேய்த்து எடுக்கும் வேலைகள் அவ்வாறானவை அல்ல. தொழிற்சாலையில் அடிக்கப்பட்ட பெயின்ற், அடிப்பூச்சிலிருந்து மேலேயுள்ள கிளியர் எனும் நிறமற்ற பூச்சு வரை எல்லாம் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரோன் தடிப்புத்தான். அதில் கிளியரின் பங்கு ஏறக்குறைய 40, 50 மைக்ரோன். தலைமயிரின் தடிப்பும் இல்லாத அந்தப் படலத்தைக் கட்டிங் பாலிஷும் இயந்திரமும் கொண்டு ஆண்டுக்கு இருமுறை தேய்ப்பவர், சில ஆண்டுகளில் அதனை இல்லாமற் செய்துவிடுவார்.

சட்டம் பற்றியும் ஒரு சொல். வாகனத்தின் நிறம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் வழங்கும் பதிவுச் சான்றிதழில் எழுதப்பட்டிருக்கும். ஆகவே முன்முகக் கிறிலையோ பக்கக் கண்ணாடியின் உறையையோ கறுப்பாக்குவது ஒரு விடயம்; முழு வாகனத்தையும் வேறு நிற ஸ்டிக்கரால் மூடுவது இன்னொரு விடயம். பின்னதைச் செய்ய விரும்புபவர் நிற மாற்றத்தை முதலில் முறைப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் அறிவிக்க வேண்டும். இலக்கத் தகட்டில் கை வைக்கவே கூடாது. மின்னும் வண்ண விளக்குகளை நான் இங்கு சேர்க்கவில்லை. பொலிஸார் மறிப்பார்கள் என்பதற்காக மட்டுமன்று, எதிரே சைக்கிளில் வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும் ஒன்றை அழகு என்று என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை என்பதற்காகவும்.

கழுவுதல்

எந்த அலங்கார வேலையும் கழுவுதலில் தொடங்குகின்றது; நம் ஊரில் அது மற்ற ஊர்களை விடச் சிக்கலானது. குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக் கல்லின் மேல் இருப்பதால் நமது கிணற்று நீர் வன்னீர். தேநீருக்குக் கொதிக்க வைக்கும் கேத்திலின் அடியில் எந்த வெள்ளைப் படிவு படிகின்றதோ, அதே படிவுதான் வெயிலில் கழுவி அப்படியே விடப்பட்ட பொனட்டிலும் வட்டம் வட்டமாகப் படிகின்றது. வாகனம் வாங்கிய முதலாண்டு, நண்பகலில் வேப்பமரத்துக்கு வெளியே நிறுத்திக் குழாயால் நீர் அடித்துவிட்டு உணவுக்குப் போனேன். திரும்பி வந்தபோது கறுப்புப் பொனட் அம்மை போட்டதுபோல் இருந்தது.

காலை எட்டு மணிக்கு முன்னரோ, வெயில் சாய்ந்த பின்னரோ, உலோகம் கைக்குக் குளிர்ந்திருக்கும்போது கழுவுங்கள். முதலில் வெறும் நீரால் மணலை இறக்குங்கள். கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண் மட்காட்டின் உட்புறத்தில் அப்பிக்கொண்டிருக்கும், அதனைக் கையை விட்டுத் தடவி வெளியேற்ற வேண்டும். பின்னர் இரண்டு வாளிகளை வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்றில் வாகன ஷாம்பூ, மற்றதில் துணியை அலசுவதற்கு வெறும் நீர். ஒரே வாளியில் துணியைத் திரும்பத் திரும்ப முக்குபவர் தாம் எடுத்த மணலைத் தாமே மீண்டும் பெயின்றின் மேல் தேய்க்கிறார். வெயிலில் தெரியும் சிலந்திவலை போன்ற கீறல்களிற் பெரும்பாலானவை இவ்வாறு வந்தவையே. மேலிருந்து கீழாகக் கழுவி, சில்லுகளுக்கு வேறு துணி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பகுதியையும் நீர் காயுமுன் மைக்ரோஃபைபர் துவாயால் ஒற்றி எடுக்க வேண்டும். பழைய சாரத்தைக் கிழித்துத் துடைக்கும் வழக்கத்தை இந்த ஒரு வேலைக்கு மட்டும் கைவிடுங்கள்.

மாரியில் கூரை நீரை ஒரு பீப்பாயில் பிடித்து வைத்தால் கடைசி அலசலுக்கு அதனைவிடச் சிறந்த நீர் கிடையாது, ஏனெனில் மழை நீரில் சுண்ணாம்பு இல்லை. பீப்பாயை இறுக மூடி வைப்பது கட்டாயம்; வாகனத்தை மினுக்கப் போய் ஒழுங்கைக்கே டெங்கு நுளம்பு வளர்த்தவராகக் கூடாது.

ஏற்கெனவே படிந்த வெள்ளை வட்டங்களுக்கு வினாகிரியையும் நீரையும் சம அளவிற் கலந்து, நிழலில், துணியில் நனைத்து ஒரு நிமிடம் அளவு ஒற்றி வைத்து, காயவிடாமற் கழுவிவிடுங்கள். அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும். கரைத்த பின்னரும் வட்டத்தின் தடம் தெரிந்தால் அது கிளியருக்குள் இறங்கிவிட்டது என்று பொருள். அதற்குப் பாலிஷ் வேண்டும், வினாகிரியைக் கூட்டிப் பயனில்லை.

பண்ணைப் பாலத்தால் தீவுப்பகுதிக்குச் சென்று வந்தாலும், காரைநகர் கசூரினாக் கடற்கரையில் நிறுத்தி வைத்திருந்தாலும் அன்றே அடிப்பகுதிக்கும் நீர் அடிப்பது நல்லது. இது அழகுக்கான வேலை போலத் தோன்றாது. ஆனால் உப்புக் காற்றால் கதவின் கீழ் விளிம்பில் துரு கிளம்பிய பின்னர் மேலே எதை ஒட்டினாலும் அது கொப்பளிக்கும்.

வெளுத்த கறுப்புப் பிளாஸ்டிக்

ஜீப் வகை வாகனங்களின் முதுமை முதலில் தெரிவது சில்லு வளைவுகளைச் சுற்றியும் பம்பரின் கீழேயும் உள்ள பெயின்ற் அடிக்கப்படாத கறுப்புப் பிளாஸ்டிக்கில். புற ஊதாக் கதிர் அதன் மேற்பரப்பைச் சிதைப்பதால் அது சாம்பல் பூத்ததுபோல் வெளுக்கின்றது. இதற்குத் தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய், டீசல் என்று ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். மூன்றும் ஒரு வாரம் கறுப்பாகக் காட்டும். பிறகு சோளகக் காற்றில் பறக்கும் புழுதியை எல்லாம் இழுத்து ஒட்டிக்கொண்டு முன்னரிலும் மோசமாகத் தெரியும்.

நிலைக்கும் முறை இதுதான். பிளாஸ்டிக்கைச் சவர்க்கார நீரும் நைலோன் தூரிகையும் கொண்டு நன்றாகத் தேய்த்து, பழைய எண்ணெய், பாலிஷ் எல்லாம் போகும்வரை கழுவி, முழுதாகக் காயவிடுங்கள். பள்ளங்களில் ஈரம் இருக்கும். ஓர் இரவு விடுவது நல்லது. ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஐசோபுரோப்பைல் அல்கஹோலால் துடைத்து, பிளாஸ்டிக்குக்கென்றே விற்கப்படும் நிறமூட்டியை மெல்லிய பஞ்சால் ஒரே திசையில் பூசுங்கள். சிறு அளவில் எடுத்து இரண்டு முறை பூசுவது, ஒரு முறை தடிப்பாகப் பூசுவதிலும் மேலானது. ஹீட் கன்னால் சூடாக்கிக் கறுப்பை வரவழைக்கும் முறையும் உண்டு. அது கண்ணெதிரே நிகழும் அற்புதம் போலிருக்கும், ஆனால் மேற்பரப்பை இளக்கியே அது வேலை செய்கிறது. ஒரு கணம் கை நின்றால் பிளாஸ்டிக்கின் சொரசொரப்பு உருகி வழவழப்பாகிவிடும், அதைத் திரும்பப் பெற முடியாது.

இந்தப் பகுதிகளுக்குச் சாதாரண ஸ்பிரே பெயின்ற் அடிப்பதானால், பிளாஸ்டிக்குக்கான பிரைமர் இன்றி அடிக்க வேண்டாம். இவை பெரும்பாலும் பொலிபுரோப்பிலீன். அதில் பெயின்ற் தானாகப் பற்றாது, பாம்புச் செட்டை போல் உரியும். ரயருக்கு மினுக்கம் தரும் சிலிக்கோன் திரவத்தையும் வேலை நடக்கும் நாட்களில் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளக் கூடாது. அதன் துளி பட்ட இடத்தில் பெயின்ற் மீன்கண் போல வட்டமாக விலகி நிற்கும்.

மஞ்சளான ஹெட்லைட்

செலவுக்கும் பலனுக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தால் இதனைவிடச் சிறந்த வேலை இல்லை. முன்முகம் பல ஆண்டுகள் இளமையாகிவிடும், இரவில் வெளிச்சமும் கூடும். ஹெட்லைட்டின் முகப்பு கண்ணாடியன்று, பொலிகாபனேற்று. அதன் மேல் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கடினமான பூச்சொன்று தொழிற்சாலையிலேயே இடப்பட்டிருக்கும். மஞ்சளாகி உரிவது அந்தப் பூச்சுத்தான். பற்பசையால் தேய்ப்பது அதன் மேற்புறத்தைச் சற்றுத் துலக்குமேயன்றிக் குறையைத் தீர்க்காது. மங்கல் உட்புறத்தில் இருந்தால், அதாவது நனைத்துப் பார்த்தும் தெளியாவிட்டால், வெளியே எவ்வளவு தேய்த்தும் பயனில்லை.

ஹெட்லைட்டைச் சுற்றியுள்ள பெயின்றின் மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டு, மூன்று அடுக்காக ஒட்டுங்கள். நனைத்துத் தேய்க்கும் மணல்தாளான வாட்டர் பேப்பரில் 800 இலக்கத்தை (இலக்கம் கூடக் கூடத் தாள் நுண்மையாகும்) ஒரு வாளி நீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, நீர் ஊற்றிக்கொண்டே கிடையாகத் தேயுங்கள். முதலில் மஞ்சள் நிறப் பால் வடியும். அது வெள்ளைப் பாலாக மாறி, முகப்பு முழுவதும் ஒரே சீராக மங்கும்போது பழைய பூச்சு போய்விட்டது என்று கொள்ளலாம். இந்தக் கட்டத்தில் ஹெட்லைட் தொடங்கியபோது இருந்ததைவிட அசிங்கமாகத் தெரியும். அருகில் நிற்கும் வீட்டார் என்ன சொன்னாலும் நிறுத்த வேண்டாம். அடுத்து 1200 இலக்கத்தால் நிலைக்குத்தாக, பின்னர் 2000 ஆல் கிடையாக, முடிவில் 3000 ஆல் நிலைக்குத்தாகத் தேயுங்கள். திசையை மாற்றுவதன் காரணம், முந்திய தாளின் கீறல்கள் எல்லாம் போய்விட்டனவா என்பது குறுக்கே தேய்க்கும்போதுதான் கண்ணுக்குத் தெரியும். இலக்கம் மாறும்போது நீரையும் மாற்றுங்கள்; வாளியடியில் கிடக்கும் ஒரு 800 இலக்கத் துகள் போதும், வேலையைக் கெடுக்க.

இதன்பின் பாலிஷ் போட்டால் பளிங்கு போலாகும். பலர் அத்துடன் நிறுத்திவிடுவர். நானும் முதன்முறை அவ்வாறே நிறுத்தினேன். அடுத்த ஆடிக்குள் மீண்டும் மஞ்சளாகியது. தேய்த்து எடுத்தது பாதுகாப்புப் பூச்சையே என்பதால், அதற்கு ஈடாகப் புதிய புற ஊதாத் தடுப்புப் பூச்சு இட்டே ஆக வேண்டும். துணியால் தடவும் வகை வீட்டு வேலைக்குப் போதும். இரு கூறுகளைக் கலந்து அடிக்கும் கிளியர் நீண்ட காலம் நிற்கும், ஆனால் அதன் கடினமாக்கியில் ஐசோசயனேற்று உண்டு. சாதாரணத் துணி முகக்கவசம் அதற்குத் தடையாகாது. உரிய சுவாசக் கவசம் இல்லாதவர் அந்த வேலையைக் கராஜுக்கு விட்டுவிடுவதே முறை.

பூச்சு இடும் வேலைகளுக்கு நாள் பார்க்கவும் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றிலேயே நீர் இருப்பதால் பூச்சு வெண்மையாகப் பூத்துப்போகும். வைகாசி முதல் சோளகம் புழுதியைக் கொண்டுவரும். மாசியும் பங்குனியும் நல்ல மாதங்கள். மாசிப்பனி மூசிப் பெய்யும் என்பதால் பனி உலர்ந்து பரப்புகள் காய்ந்த பின்னர் தொடங்கி, வெயில் உச்சிக்கு ஏறுமுன் முடித்துவிட வேண்டும்.

குரோமைக் கறுப்பாக்குதல்

எக்ஸ்-ட்ரெயிலின் முன்முகத்தில் ஆங்கில வீ எழுத்து வடிவில் தடித்த குரோம் பட்டை ஒன்று உண்டு. அதனைப் பலர் விரும்புவர். எனக்கு அது கல்யாண வீட்டுத் தவில்காரரின் சங்கிலியை நினைவூட்டியது. பெயின்ற் அடிக்காமல் வைனில் ஸ்டிக்கர் ஒட்டியே அதனை அடக்கினேன், ஏனெனில் விற்கும்போது வாங்குபவர் குரோமைக் கேட்டால் உரித்துக் கொடுக்கலாம்.

ஸ்டிக்கரில் இரண்டு வகை உண்டு. வார்ப்பு முறையில் செய்யப்படும் மெல்லிய வகை வளைவுகளில் படிந்து அப்படியே நிற்கும். உருளைகளால் அழுத்திச் செய்யப்படும் மலிவான வகை, பெயர்ப்பலகை போன்ற மட்டமான பரப்புக்கே உரியது. வளைவில் இழுத்து ஒட்டினால் சில வாரங்களில் சுருங்கி ஓரம் கிளம்பும். வாங்கும்போது வாகனத்துக்கான வார்ப்பு வகையா என்று கேட்டு வாங்குங்கள்.

நிழலில், காற்று அடிக்காத இடத்தில் வேலை செய்யுங்கள். வெயிலில் ஸ்டிக்கர் இளகிப் பசை முந்திப் பற்றிக்கொள்ளும். காற்றில் வேப்பம்பூவும் தூசியும் அடியிற் போய்விடும். குரோமைக் கழுவி, அல்கஹோலால் துடைத்து, விளிம்புகளையும் மடிப்புகளையும் தனியாக மீண்டும் துடையுங்கள். ஸ்டிக்கர் உரியத் தொடங்குவது எப்போதும் விளிம்பில்தான். தேவையான அளவைவிட எல்லாப் பக்கமும் மூன்று, நான்கு சென்ரிமீற்றர் கூடுதலாக வெட்டி, நடுவில் ஒட்டி, விளிம்பில் துணி ஒட்டிய பிளாஸ்டிக் தகட்டால் நடுவிலிருந்து வெளிநோக்கி வழித்துச் செல்லுங்கள். சுருக்கம் விழுந்தால் அழுத்த வேண்டாம். தூக்கி, ஹெயர் டிரையரால் சற்றுச் சூடாக்கி, அது தானாக நேரான பின் மீண்டும் படியவிடுங்கள். வளைவில் இழுக்க வேண்டியிருந்தால் இயன்றவரை குறைவாக இழுங்கள். மிகுதியை வெட்டும்போது கத்தி பெயின்றைத் தொடாதபடி, ஸ்டிக்கரை விளிம்புக்கு வெளியே இழுத்துப் பிடித்து வெட்ட வேண்டும். எல்லாம் முடிந்த பின் ஹீட் கன்னால் விளிம்புகளையும் வளைவுகளையும் மீண்டும் சூடேற்றுங்கள். வார்ப்பு வகைக்குப் பொதுவாக 90 பாகை செல்சியஸுக்கு மேல் வேண்டும். இந்தச் சூடுதான் இழுத்த ஸ்டிக்கரின் பழைய வடிவ ஞாபகத்தைப் போக்குகிறது. அதன்பின் இரண்டு நாட்கள் கழுவாதீர்கள்.

கிறிலைக் கழற்றிச் செய்தால் வேலை துப்புரவாக வரும். ஆனால் பத்தாண்டு வெயில் கண்ட பிளாஸ்டிக் கிளிப்புகள் பொரித்த அப்பளம் போல் உடையும். மாற்றுக் கிளிப்புகளைக் கையில் வைத்துக்கொள்ளாமல் கழற்ற வேண்டாம்.

முன் இலச்சினையைத் தொடுமுன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தானாகப் பிரேக் பிடிக்கும் வசதியுள்ள பல வாகனங்களில், குறிப்பாக டொயோட்டாவின் அண்மைக்கால மொடல்களில், ரேடார் அந்த இலச்சினைக்குப் பின்னால் இருக்கின்றது. இலச்சினை புடைப்பின்றிக் கண்ணாடித் தகடு போல் மட்டமாக இருந்தால் ஐயம் கொள்ளுங்கள். அதன் மேல் உலோகத் துகளுள்ள பெயின்றையோ ஸ்டிக்கரையோ இட்டால் ரேடார் குருடாகும். பம்பரிலுள்ள வட்டமான பார்க்கிங் சென்சர்களின் மேல் தடிப்பாகப் பெயின்ற் அடிப்பதும் அவ்வாறே.

பின்கதவிலுள்ள எழுத்துகளை அகற்ற விரும்புபவருக்கு மீன்பிடிக் கடையில் கிடைக்கும் தங்கூசி எனும் நைலோன் இழையே போதும். எழுத்தை ஹெயர் டிரையரால் சூடாக்கி, தங்கூசியை அதன் பின்னால் விட்டு வாள் போல் முன்னும் பின்னும் இழுத்தால் பசை அறுந்துவிடும். சில எழுத்துகளின் பின்னால் தகட்டுத் துளையில் செருகிய முனைகள் இருக்கும். தங்கூசி தடைப்பட்டால் பலவந்தம் செய்யாதீர்கள். எழுத்து இருந்த இடத்தில் வெயில் படாத பெயின்ற் சற்றுக் கடுமையாகத் தெரியும். பாலிஷால் அது மட்டுப்படும், முற்றாக மறையாது.

சில்லும் கூரையும்

அலோய் சில்லைக் கழற்றிப் பெயின்ற் அடிப்பதானால் வாகனத்தைச் சீமெந்துத் தரையில் நிறுத்தி, ஜாக்குடன் மட்டும் விடாமல் உலோகத் தாங்கிகளின் மேல் இருத்துங்கள். கல்லும் தென்னங்குற்றியும் தாங்கியாகா. சில்லு ஹப்புடன் சேரும் முகத்திலும் நட்டு அமரும் குழிகளிலும் பெயின்ற் படவே கூடாது. அந்தப் படலம் பின்னர் நசிந்து நட்டு தளரும். திரும்பப் பூட்டும்போது நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடிய பின் மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

கூரையைக் கறுப்பு ஸ்டிக்கரால் மூடுவது இப்போது பரவலாக விரும்பப்படுகிறது. வெள்ளை வாகனத்தில் அது எடுப்பாக இருக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆயினும் வாகனத்தைக் கொட்டிலில் நிறுத்த வசதியில்லாதவருக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை: சித்திரை வெயிலில் கறுப்புக் கூரை உள்ளே இருப்பவரைச் சுடும், கிடையான பரப்பில் ஒட்டிய ஸ்டிக்கரும் நிலைக்குத்துப் பரப்பில் ஒட்டியதைவிட விரைவில் பழுதாகும்.

உள்ளே

உட்புறத்தில் சீற் உறையே பெரிய மாற்றம். வாங்குமுன் சீற்றின் வெளிப்பக்க ஓரத்தில் எயார்பேக் என்ற சிறு அடையாளம் தைக்கப்பட்டிருக்கின்றதா என்று பாருங்கள். இருந்தால், அந்த ஓரத்தை இறுக மூடித் தைத்த சாதாரண உறை பொருந்தாது; பக்கத்துப் பை விரிவதற்கு இடைவெளி விட்ட அல்லது அதற்கெனத் தைக்கப்பட்ட உறையே வேண்டும். டாஷ்போர்ட்டுக்கு எண்ணெய்ப் பசையுள்ள மினுக்கம் பூசினால் அது முன்கண்ணாடியில் பிரதிபலித்து வெயிலில் கண்ணைக் கூசச் செய்யும். ஈரத் துணியும் மினுக்கம் இல்லாத பாதுகாப்புப் பூச்சும் போதும்.

பிள்ளையாரை எங்கே இருத்துவது என்பதும் இங்கு சொல்ல வேண்டியதே. இடப்பக்க டாஷ்போர்ட்டின் மேற்புறத்தில், எயார்பேக் மூடியின் மேல் சிலையை ஒட்டினால், பை விரியும் கணத்தில் அது முன்னிருப்பவரின் முகத்தை நோக்கி எறிகல்லாகும். நடுவில், மூடியின் கோட்டுக்கு வெளியே, சிறியதாக இருத்துங்கள். சிலையைவிட ஒட்டிய படம் இன்னும் நல்லது.

புது வேலைகள் எல்லாம் முடிந்து கோவிலில் பூசைக்குக் கொண்டுபோகும்போது, ஐயரிடம் சந்தனத்தையும் குங்குமத்தையும் பொனட்டில் இடாமல் முன்கண்ணாடியின் ஓரத்தில் இடுமாறு பணிவாகக் கேட்டுக்கொள்ளலாம். கண்ணாடியில் கறை நிற்காது. பொனட்டிலேயே இட்டுவிட்டால், மறுநாள் வெயிலுக்கு முன் நிறைய நீரால் ஊறவைத்துக் கழுவுங்கள். காய்ந்த பொட்டை நகத்தால் சுரண்ட வேண்டாம்.